பதக்கத்தில் ஆறு போர்கள் – 4: சதுரங்கப்பட்டினத்தில் ஒரு சாயங்காலம்

படாளம் கூட்டுரோட்டில் நின்றால் கடல் தெரியாது. கரும்பு ஏற்றிய லாரிகள் தெரியும், வேடந்தாங்கலுக்குத் திரும்புகிற கார்கள் தெரியும். ஆனால் கடல் ஒன்றும் தூரத்தில் இல்லை. நேர்கிழக்கே கோடு போட்டால் இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் சதுரங்கப்பட்டினம் வந்துவிடும். ஊருக்கு வடக்கே ஓடுகிற பாலாறு, அந்தப் பட்டினத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம்தான் கடலில் கலக்கிறது.

1782ஆம் வருடம் பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் அந்தக் கடலில் இருபதுக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. கடற்போர் நூல்களில் அந்தச் சண்டைக்குச் சதுரங்கப்பட்டினத்தின் பெயர்தான்: ‘சட்ராஸ் போர்’.

நம் பிள்ளைகள் படிக்கிற பாடப்புத்தகத்தில் அது இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

*

முந்தைய பகுதிகளைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாக.

இந்தத் தொடர் ஒரு பதக்கத்திலிருந்து தொடங்கியது. 1784இல் பிரான்சின் ப்ரொவான்ஸ் மாகாணச் சபை தன் மண்ணின் மைந்தன் ஒருவருக்காக அடித்த பதக்கம் அது. அமெரிக்க விடுதலைக்கான புகழ்பெற்ற பதக்கத்தைச் செதுக்கிய அதே அகஸ்டின் துப்ரேதான் இதையும் செதுக்கினார். ஒரு பக்கம், தடித்த கழுத்தும் சதைப்பற்றான கன்னமுமாகப் பக்கவாட்டில் ஒரு முகம். மறுபக்கம் எழுத்து. நன்னம்பிக்கை முனை காக்கப்பட்டது, திருகோணமலை பிடிக்கப்பட்டது, கடலூர் விடுவிக்கப்பட்டது, இந்தியா பாதுகாக்கப்பட்டது, ஆறு புகழ்மிக்க போர்கள் என்று வரிவரியாக இறங்குகிறது.

அந்த முகத்துக்குரியவர் பியர் ஆந்த்ரே தெ சுஃப்ரென். 1729இல் பிறந்தவர். பதினான்கு வயதில் கடற்படையில் சேர்ந்தார். 1747இலும் 1759இலும் ஆங்கிலேயரிடம் போர்க்கைதியாகச் சிக்கினார். மால்டா வீரர் சங்கத்தில் உறுப்பினர் என்பதால் மத்தியதரைக்கடலில் பல காலம் துடுப்புக் கப்பல்களிலும் உழைத்தார். ஐம்பத்தொரு வயதில் ஐந்து போர்க்கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்குப் புறப்பட்டார்.

வழியில், 1781 ஏப்ரல் 16 அன்று, கேப் வெர்டே தீவுகளின் போர்ட்டோ பிரயா துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலக் கப்பற்படையின் மீது பாய்ந்தார். பதக்கம் சொல்லும் ஆறு போர்களில் முதலாவது அது. அதைப் போன வாரம் பார்த்தோம்.

இரண்டாவது, நம் கரையில்.

*

கடலுக்குப் போகும்முன் கரை எப்படி இருந்தது என்று பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கப்பல்கள் எதற்காக வந்தன என்பதே விளங்காது.

1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலியின் படை கணவாய்களைத் தாண்டி கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை நிர்மூலமானது. அவருக்குத் துணையாகப் போயிருக்க வேண்டிய தளபதி மன்றோ, கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு செங்கல்பட்டுக்கு ஓடிவந்தார். அங்கிருந்து சென்னைக்குப் போனார்.

அடுத்த ஜனவரியில் ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் படை நடத்தி வந்தார். படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் இடையில் இருக்கிற கருங்குழிக் கோட்டையை ஹைதரின் ஆட்களிடமிருந்து அவருடைய பிரிவு ஒன்று பறித்தது. இன்று பஸ்ஸில் கால்மணி நேரத்தில் கடந்துவிடுகிற இந்த வழியில், அன்று ஒரு மூட்டை அரிசி நகர வேண்டுமென்றால் துணைக்குப் படை வேண்டும்.

செங்கல்பட்டுச் சீமையில் ஏர் ஓடவில்லை. ஏரிகள் பழுதுபார்க்க ஆளில்லாமல் கிடந்தன. குடிகள் ஊரைக் காலிசெய்துகொண்டு போனார்கள். பஞ்சம் வந்தது. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வருகிற கலெக்டர் லயோனல் பிளேஸ் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வரும்போதுகூட, இந்தச் சீமை அந்த அடியிலிருந்து முழுதாக எழுந்திருக்கவில்லை.

ஹைதருக்குக் குதிரைப்படைக்குப் பஞ்சமில்லை. சென்னையை விழவைக்க அவருக்கு வேண்டியிருந்தது வேறு. கடல்வழியாக ஆங்கிலேயருக்கு வருகிற அரிசியையும் ஆட்களையும் யாராவது தடுக்க வேண்டும். மைசூர்ப் படையால் அது முடியாது. பிரெஞ்சுக் கப்பல்களால் முடியும்.

ஆனால் பிரெஞ்சுக்காரருக்கு இந்தக் கரையில் ஒதுங்க இடமில்லை. 1778 அக்டோபரிலேயே புதுச்சேரி விழுந்திருந்தது. டச்சுக்காரரின் சதுரங்கப்பட்டினத்தை 1781இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். 1782 ஜனவரி 11 அன்று திருகோணமலையும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி சர் எட்வர்ட் ஹியூஸின் கைக்குப் போனது. ஒரு பாய்மரம் முறிந்தால் மாற்றுவதற்குப் பிரெஞ்சுக்காரருக்கு மொரீஷியஸ்தான் கதி.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

*

மொரீஷியஸிலிருந்து 1781 டிசம்பரில் புறப்பட்ட பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் சுஃப்ரென் அல்ல, வயதில் மூத்த தோர்வ் பிரபு. கப்பலிலேயே நோய் முற்றி, 1782 பிப்ரவரி 9 அன்று அவர் இறந்தார். தலைமை சுஃப்ரெனிடம் வந்தது.

எட்டு நாள். ஒரு கப்பற்படையைத் தன்வசப்படுத்திக்கொள்ள அவருக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவே.

கப்பல்களில் பாதி மொரீஷியஸ் படையைச் சேர்ந்தவை. அவற்றின் கேப்டன்களுக்கு சுஃப்ரென் அந்நியர். கசங்கிய சட்டை, கொச்சையான ப்ரொவான்ஸ் பேச்சு, பெருத்த உடம்பு, அடங்காத கோபம். பாரிஸ் நாகரிகம் பழகிய அதிகாரிகள் அப்படிப்பட்ட ஒருவரை விரும்பி ஏற்றுக்கொள்வார்களா?

அவர்களில் ஒருவர் பெயரைக் குறித்துவையுங்கள்: டிரோமலின். போர்ட்டோ பிரயாவில் ‘அன்னிபால்’ கப்பலின் கேப்டன் மாண்டபிறகு, அந்தக் கப்பல் மொரீஷியஸில் பணிமூப்பைப் பார்த்து டிரோமலினுக்குக் கொடுக்கப்பட்டது. எழுபத்துநான்கு பீரங்கிக் கப்பல் அது. சுஃப்ரென் தன் அணியின் பின்பாதியை அவர் பொறுப்பில்தான் விட்டார்.

*

பிப்ரவரி 15. சென்னைக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பல்கள் தோன்றின.

ஹியூஸின் ஒன்பது கப்பல்கள் ஜார்ஜ் கோட்டையின் பீரங்கிகளுக்கு அடியில் வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. அவற்றில் மூன்று சில நாள் முன்புதான் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தவை. பிரெஞ்சுக்காரர் ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் சென்னைக்குக் காவல் இருந்திருக்காது.

அந்நாளைய சென்னையில் துறைமுகம் கிடையாது என்பது நினைவிருக்கட்டும். கப்பல்கள் அலைக்கு அப்பால் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள்தான் ஆட்களையும் சரக்கையும் கரைசேர்க்கும். அந்தப் படகும் போகமுடியாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர் போவார். பாயில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகி, அலை தலைக்குமேல் புரண்டாலும் நனையாமல் கப்பலில் சேர்ப்பார். பெரிய தளபதிகளின் உத்தரவுகள் அந்தக் காலத்தில் நம் மீனவர்களின் தலையில் ஏறித்தான் போயின. எந்தப் பதக்கத்திலும் அவர்கள் இல்லை.

சுஃப்ரென் பார்த்தார். கோட்டையின் பீரங்கியும் கப்பலின் பீரங்கியும் சேர்ந்து சுடும். தாக்கவில்லை. ஹைதருக்காகக் கொண்டுவந்த சிப்பாய்கள் சரக்குக் கப்பல்களில் இருந்தார்கள். முதலில் அவர்களைப் பரங்கிப்பேட்டையில் இறக்கலாம் என்று தெற்கே திரும்பினார்.

ஹியூஸ் அன்று மாலையே நங்கூரம் தூக்கிப் பின்தொடர்ந்தார்.

இரவு இருட்டில் யார் எங்கே என்று தெரியாமல் இரு படைகளும் ஓடின. 16 காலை விடிந்தபோது, பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் கிழக்கே கடலுக்குள் ஒதுங்கியிருந்தன. சரக்குக் கப்பல்கள் தனியே தென்மேற்கில் ஓடிக்கொண்டிருந்தன. ஹியூஸ் அவற்றின் மேல் விழுந்தார். ஆறு கப்பல் சிக்கியது. அதில் ‘லோரிஸ்டன்’ என்ற பெரிய கப்பலில் சுமார் முந்நூறு சிப்பாய்களும் பீரங்கிகளும் வெடிமருந்தும் இருந்தன. ஹைதருக்குக் கொடுத்த வாக்கில் ஒரு பங்கு, போர் தொடங்கும் முன்பே போய்விட்டது.

*

17ஆம் தேதி. காலையிலிருந்து மந்தாரம். காற்று வட-வடகிழக்கிலிருந்து வந்தது. விட்டுவிட்டு அடித்தது, சிலசமயம் செத்துப்போனது. மாசிமாத வாடையைப் பார்த்தவர்களுக்கு அது பழக்கப்பட்டதுதான்.

காற்று வருகிற பக்கம் பிரெஞ்சுக்காரர் இருந்தார்கள். பாய்மரப் போரில் பாதி வெற்றி அங்கே இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவன் எப்போது நெருங்குவது என்று தீர்மானிப்பான். மறுபக்கம் இருப்பவன் காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்தக் காலத்துக் கடற்போர் எப்படி என்றால், இரண்டு பக்கமும் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, எதிரெதிரே இணையாக ஓட்டிக்கொண்டு சுடுவார்கள். தலைக்குத் தலை, வாலுக்கு வால். பிரெஞ்சு எழுபத்துநான்கின் கீழ்த்தளப் பீரங்கிக் குண்டு ஒன்றே பதினேழு கிலோவுக்கு மேல் இருக்கும். நூற்றுக்கணக்கானவர் சாவார்கள், இருட்டியதும் இருவரும் ஜெயித்ததாக எழுதிக்கொண்டு பிரிவார்கள்.

சுஃப்ரெனுக்கு இந்தச் சடங்கு பிடிக்கவில்லை.

அவர் கணக்கு வேறு. ஒன்பது ஆங்கிலக் கப்பல்கள் நீண்ட வரிசையாக ஓடுகின்றன. காற்று மந்தம். முன்னால் போகிற நான்கும் திரும்பி வர வேண்டுமென்றால் வெகுநேரம் ஆகும். ஆகவே தலையை விட்டுவிட வேண்டும். மொத்தப் பலத்தையும் வாலின்மேல் இறக்க வேண்டும். தன் கப்பல்களில் சில அந்த வாலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போக வேண்டும். அப்போது கடைசி ஆங்கிலக் கப்பல்கள் இரண்டு பக்கமும் அடிவாங்கும். ஒரே நேரத்தில் இருபக்கப் பீரங்கிகளையும் இயக்க எந்தக் கப்பலிலும் ஆள் போதாது.

எண்ணிக்கையில் அவருக்குப் பன்னிரண்டு, எதிரிக்கு ஒன்பது. இந்த உத்தியில் அது பன்னிரண்டுக்கு ஐந்தாகிவிடும்.

மூன்றரை நான்கு மணிக்குச் சண்டை தொடங்கியது.

*

சுஃப்ரென் தன் ‘எரோ’ கப்பலில் முன்னே போனார். பிரெஞ்சில் ‘வீரன்’ என்று பொருள். ஆங்கில வரிசையிலும் அதே பொருளில் ‘ஹீரோ’ என்று ஒரு கப்பல் இருந்தது.

எரோ ஆங்கில வாலிலிருந்து மேலே ஏறி, ஹியூஸின் கொடிக்கப்பலான ‘சூப்பர்ப்’புக்கு எதிரே வந்து நின்றது. அதற்கு மேல் யாரும் போகக்கூடாது என்பது உத்தரவு. முன்னால் இருந்த நான்கு ஆங்கிலக் கப்பல்களுக்குச் சுட ஆளில்லை, திரும்பக் காற்றில்லை. அவை கண்ணெதிரே சண்டை நடக்க, வெறுமனே ஓடிக்கொண்டிருந்தன.

கணக்கின் முதல் பாதி பலித்துவிட்டது.

வரிசையின் கடைக்கோடியில் ‘எக்ஸெட்டர்’. அதன்மேல்தான் இடி இறங்கியது. ‘பிரியான்’, ‘ஃப்ளமான்’ என்ற இரண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் துணிந்து மறுபக்கம் சுற்றிவந்தன. எக்ஸெட்டரின் கேப்டன் ரெனால்ட்ஸ் மேல்தளத்திலேயே குண்டடிபட்டுச் செத்தார். பக்கத்தில் நின்ற கமடோர் ரிச்சர்ட் கிங்கின் முகமெல்லாம் அவருடைய ரத்தம் தெறித்து, சிறிது நேரம் கண்ணே தெரியவில்லை. மேலும் இரண்டு எதிரிக் கப்பல்கள் வருகின்றன, என்ன செய்யலாம் என்று மாலுமி கேட்டதற்கு, முழுகுகிற வரைக்கும் சண்டை போட வேண்டியதுதான் என்று கிங் பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

சூப்பர்ப்பின் கேப்டன் ஸ்டீவன்ஸும் அன்று பிழைக்கவில்லை.

சுஃப்ரென் கொடியேற்றினார்: நெருங்குங்கள், கைத்துப்பாக்கி எட்டுகிற தூரத்துக்கு நெருங்குங்கள். பின்பாதிக் கப்பல்களுக்குத் தனியாகக் கொடியேற்றினார்: வாலைச் சுற்றுங்கள்.

பின்பாதி டிரோமலினின் பொறுப்பு.

கொடி பறந்தது. மறுபடி ஏற்றப்பட்டது. அன்னிபாலும் அதைச் சுற்றியிருந்த கப்பல்களும் காற்றுப்பக்கம் தள்ளியே நின்றன. தூரத்திலிருந்து சுட்டன. கிட்டே வரவில்லை.

எக்ஸெட்டர் சல்லடையாகிவிட்டது. இன்னும் ஒரு கப்பல் வந்திருந்தால் அது கொடியை இறக்கியிருக்கும். ஒன்று விழுந்தால் அடுத்தது, அதற்கடுத்தது. ஹியூஸின் படை அன்று அழிந்திருந்தால் சென்னையை எது காத்திருக்கும்? வேலூரும் வந்தவாசியும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

ஆறு மணி. சூரியன் மேற்கே, மலைக்குன்றுகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தான்.

வாடை நின்றது.

ஒரு சூறை அடித்து, தென்கிழக்கிலிருந்து புதுக்காற்று பிறந்தது. இரண்டு மணி நேரமாகத் திரும்ப முடியாமல் தவித்த முன்வரிசை ஆங்கிலக் கப்பல்கள் நான்கும் அந்தக் காற்றைப் பாயில் பிடித்துத் திரும்பின. அடிபடாத கப்பல்கள், சுட்டுச் சூடேறாத பீரங்கிகள். பிரெஞ்சு அணிக்கு இப்போது எதிர்க்காற்று.

இருட்டத் தொடங்கியதும் சுஃப்ரென் விலகும் கொடியை ஏற்றினார். அந்தக் கொடிக்கு எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள்.

*

ஆங்கிலேயர் பக்கம் முப்பத்திரண்டு பேர் செத்தார்கள். பிரெஞ்சுப் பக்கம் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவில்லை. 18 காலையில் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தென்படவில்லை.

அதே 18ஆம் தேதி தெற்கே, கும்பகோணத்துக்கு அருகில் அன்னக்குடியில், ஹைதரின் மகன் திப்புவும் பிரெஞ்சு அதிகாரி லாலியும் கர்னல் பிரெய்த்வெயிட்டின் சுமார் இரண்டாயிரம் பேர் கொண்ட படையைச் சுற்றிவளைத்துப் பணியவைத்தார்கள். அந்த மூன்று நாளைச் சேர்த்துப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது. தரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு படை அடியோடு போனது. கடலில் இன்னொன்று போயிருக்க வேண்டியது.

போகாததற்கு யார் காரணம்?

டிரோமலின் கோழை என்று பிரெஞ்சு நூல்கள் சில ஒரே வார்த்தையில் முடித்துவிடுகின்றன. நான் அதை ஏற்கமாட்டேன். சுஃப்ரென் மீது அவருக்கு இருந்த வெறுப்பு உண்மைதான். மொரீஷியஸில் வீடும் வியாபாரமும் வைத்திருந்த அதிகாரிகளுக்குச் சாவதில் அவசரமில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தத் தலைமுறைப் பிரெஞ்சுக் கேப்டன்களுக்குப் பள்ளியில் கற்றுக்கொடுத்ததே வேறு பாடம். கப்பலைக் காப்பாற்று, வரிசையைக் கலைக்காதே, காரியத்தை முடித்துத் திரும்பு என்பது அது. போதாக்குறைக்கு இங்கே பாய்மரம் முறிந்தால் கொண்டுபோய் நிறுத்த ஒரு துறைமுகம் கிடையாது. எட்டே நாள் பழகிய ஒரு முரட்டு மனிதர் திடீரென்று வாழ்நாள் பாடத்தை மறக்கச் சொன்னால், எத்தனை பேர் மறப்பார்கள்?

துறைமுகம் இல்லாததால் ஆபத்தைத் தவிர்க்க வேண்டும் என்றது டிரோமலினின் புத்தி. துறைமுகம் இல்லாததாலேயே எதிரியை இன்றே முடித்தாக வேண்டும் என்றது சுஃப்ரெனின் புத்தி. ஒரே உண்மையை இரண்டு பேரும் இரண்டு விதமாகப் படித்தார்கள்.

பதக்கம் இந்தச் சாயங்காலத்தை ‘புகழ்மிக்க’ போர்களில் ஒன்றாக எண்ணுகிறது. ஹியூஸின் மாலுமிகளுக்கோ இதற்காக ஒரு பதக்கமும் வரவில்லை. பிற்காலத்தில் பிரிட்டன் கொடுத்த கடற்படைப் பொதுப் பதக்கம்கூட 1793 முதல் நடந்த போர்களுக்குத்தான். கம்பெனி, வங்காளத்திலிருந்து கர்நாடகச் சீமைக்கு நடந்தே வந்த சிப்பாய்களுக்குப் பாரசீக எழுத்துப் பொறித்த பதக்கம் ஒன்று கொடுத்தது. அதன் கதை தனியே வரும்.

*

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு இன்றும் போகலாம். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த செங்கல் மதில். உள்ளே டச்சுக்காரரின் கல்லறைக் கற்கள், அவற்றில் ஆழமாகச் செதுக்கிய எழுத்துகள். விரல் வைத்தால் எழுத்தின் விளிம்பு இன்னும் கூராகவே இருக்கிறது. பிப்ரவரி 17இல் செத்தவர்களுக்கு அங்கே கல் கிடையாது. அவர்களுக்குக் கடல்தான்.

ஹியூஸ் அடிபட்ட கப்பல்களை இழுத்துக்கொண்டு திருகோணமலைக்குப் போனார். சுஃப்ரென் புதுச்சேரியைத் தொட்டுவிட்டுப் பரங்கிப்பேட்டைக்குப் போனார். மிச்சமிருந்த சிப்பாய்களைக் கரையில் இறக்க வேண்டும், ஹைதரின் ஆட்களோடு பேச வேண்டும். பணம் யார் தருவது, அரிசி யார் தருவது, பிரெஞ்சுப் படை யார் சொல்லைக் கேட்பது என்று பேச்சு வளர்ந்தது.

மார்ச் மாதம் ஹியூஸ் செப்பனிட்ட கப்பல்களோடு சென்னைக்குத் திரும்பினார். ஏப்ரல் 12 அன்று இலங்கையின் கிழக்குக் கரையில், புரோவிடியன் என்ற சின்னஞ்சிறு பாறைத்தீவுக்கு அருகே, இருவரும் மறுபடி சந்தித்தார்கள்.

சுஃப்ரெனிடம் இருந்தவை அதே கப்பல்கள். அன்னிபாலில் அதே டிரோமலின்.

‘நெருங்குங்கள்’ என்ற கொடி மறுபடி ஏறும்போது, இந்தத் தடவை அவர் என்ன செய்வார்?

(தொடரும்)